கவிதையில் சொல்லும் தொனியும்

(வெள்ளிவிழா இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் எமக்கு ஒதுக்கிய பொருள் 'கவிதையில் சொல்லாட்சி' என்பது. இதனைக் கேட்டவுடன் யாம் சற்றே தயங்கினோம். விடுதிக்கு இடம் போதவில்லை, உதவித்தொகை வேண்டுவோர் பட்டியல் நீள்கிறது, படித்த பிள்ளைகள் வேலைக்கு அலைகின்றனர். இவற்றைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கவிதையைப் பற்றிப் பேசலாமா என்பதே அத்தயக்கம். ஆனால் எண்ணிப் பார்த்தபோது வேறொன்று விளங்கிற்று. நிலத்தையும் நீரையும் நமக்கு மறுத்தவர்கள் ஒன்றை மட்டும் தடையின்றித் தந்தார்கள். அது நம்மைக் குறிக்கும் சொல். நாம் பள்ளிக்குச் செல்லுமுன்பே நம் செவிக்குச் சென்றது அது. ஆகவே சொல்லைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் பொழுதுபோக்கு அன்று. அது நம் வழக்கின் ஒரு பகுதி.

தொனி என்றால் என்ன?

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஒருவர் பேசும்போது சொற்களோடு குரலும் வருகிறது. 'வா' என்று தாய் அழைப்பதும் 'வா' என்று காவலர் அழைப்பதும் ஓரெழுத்து ஒருமொழிதான். ஆயினும் தாயிடம் பிள்ளை ஓடுகிறது. காவலரிடம் அதே பிள்ளை ஒடுங்கி நிற்கிறது. பொருள் ஒன்று, குரலின் நிறம் வேறு. அந்த நிறத்தையே தொனி என்கிறோம்.

தாளில் அச்சான கவிதைக்குக் குரல் இல்லை. அன்பா, சினமா, ஏளனமா, இரத்தலா என்பதைக் காட்ட முகமும் இல்லை, கையசைவும் இல்லை. எனவே குரல் செய்யவேண்டிய வேலை முழுவதையும் சொல்லே செய்ய வேண்டியிருக்கிறது. 'வா', 'வாருங்கள்', 'வருக', 'வாடா' என்னும் நான்கில் எதை எழுதுகிறோமோ, அதுவே எழுதுபவர் எங்கே நிற்கிறார், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லிவிடும். உரைநடையில் ஒரு சொல் பிழைத்தால் அடுத்த வாக்கியத்தில் திருத்திக்கொள்ளலாம். எட்டு அடிக் கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் பாட்டே பிழைத்துவிடும்.

ஈ, தா, கொடு

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஒரு செய்தி உண்டு. ஒரு பொருளைக் கேட்பதற்கு 'ஈ', 'தா', 'கொடு' என மூன்று சொற்கள் உள்ளன. தாழ்ந்தவன் தன்னினும் உயர்ந்தவனிடம் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒப்பானவன் ஒப்பானவனிடம் கேட்கும்போது 'தா' என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும்போது 'கொடு' என்பான் என்று ஆசிரியர் வகுத்திருக்கிறார்.

இளைஞர்களே, இதனை ஊன்றி நோக்க வேண்டுகிறோம். மூன்றிற்கும் பொருள் ஒன்றே. அகராதியைப் புரட்டினால் ஒன்றற்கு மற்றொன்றை எழுதியிருப்பார்கள். ஆனால் வாயைத் திறந்து மூன்றில் ஒன்றைச் சொன்னவுடனே, சொன்னவன் நிற்கும் படி எது என்று தெரிந்துவிடுகிறது. தமிழில் ஒரு சொல்லைத் தேர்வது என்பது ஓரிடத்தைத் தேர்வது. இன்று யாம் சொல்ல வந்ததும் இந்த ஒன்றே. கவிதையின் தொனி அழகிய சொல்லால் அமைவதன்று; சொல்பவன் எந்தப் படியில் நின்று சொல்கிறான் என்பதால் அமைவது.

ஓர் எளிய சான்று காட்டுவோம். மாலை நேரம், வயல் வேலை முடித்து ஒருவர் வீடு திரும்புகிறார். இதனை மூவகையாக எழுதிப் பார்ப்போம்.

கூலியாள் குடிசைக்குத் திரும்பினான்.

உழவன் தன் இல்லம் புகுந்தான்.

அப்பா வீட்டுக்கு வந்தார்.

மனிதர் ஒருவரே, நேரமும் வழியும் அவையே. முதல் வாக்கியத்தை எழுதியவர் வரப்பின்மேல் குடைபிடித்து நிற்கிறார். கணக்கேட்டில் எழுதுவதைப் போல எழுதுகிறார். இரண்டாமவர் தொலைவிலிருந்து ஓவியம் பார்ப்பவரைப் போலப் பார்க்கிறார். மதிப்பு இருக்கிறது, உறவு இல்லை. மூன்றாமவர் வாயிற்படியில் காத்திருந்த பிள்ளை. அவர் எழுதியதில் அரிய சொல் ஒன்றுமில்லை. ஆனால் 'வந்தார்' என்னும் அந்த 'ஆர்' விகுதி, ஊர் முழுதும் 'வந்தான்' என்று சொல்லும் ஒருவருக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை. ஒரு விகுதிக்குள் ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

இறப்பைக் குறிக்கும் சொற்களையும் பாருங்கள். தகுதி வழக்கின் ஒரு பிரிவாகிய மங்கலத்தை நன்னூல் கூறுகிறது. செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். நல்ல வழக்கே. ஆனால் அம்மங்கலம் எல்லார்க்கும் ஒன்றாக வழங்கப்பட்டதா? ஊரில் ஒருவர் 'காலமானார்', மற்றொருவர் 'இறைவனடி சேர்ந்தார்', நம் தெருவில் மட்டும் 'செத்தான்' என்று செய்தி சொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் இருக்கிறீர்கள். சுடுகாட்டிற்குப் பாதை மறுக்கப்படுவதற்கு முன்பே மங்கலச் சொல் மறுக்கப்பட்டுவிட்டது.

சங்கப் பாட்டில் இரு சான்றுகள்

இனி இலக்கியத்திற்கு வருவோம். புறநானூற்றில் 335ஆம் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. முல்லை நிலத்தூர் ஒன்றை அவர் எண்ணி எண்ணிச் சொல்கிறார். இந்த நான்கே பூக்கள் என்கிறார். இந்த நான்கே உணவுகள் என்கிறார். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய இந்நான்கே குடிகள் என்கிறார். போரில் வீழ்ந்தவனுக்கு நட்ட கல்லன்றி வணங்கும் தெய்வமும் வேறில்லை என்கிறார். அங்கே 'பறையன்' என்னும் சொல் முல்லைப் பூவிற்கும் வரகிற்கும் தினைக்கும் அடுத்த வரிசையில் நிற்கிறது. அடைமொழி இல்லை, மன்னிப்புக் கேட்கும் குறிப்பும் இல்லை. மண்ணுக்கு உரியவை இவை என்று பெருமிதத்தோடு அடுக்கும் தொனி அது. இன்று வசையாக வீசப்படும் ஒரு சொல், அன்று ஒரு பாட்டில் நிமிர்ந்து நின்றிருக்கிறது. சொல் பிறப்பால் இழிந்ததன்று. அதைச் சூழ நிறுத்தப்படும் சொற்களால் இழிவோ பெருமையோ அடைகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு சான்று அதே நூலின் 82ஆம் பாட்டு. சாத்தந்தையார் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவைப் பாடுகிறார். உவமைக்கு அவர் எடுத்துக்கொண்டது கட்டில் பின்னும் தொழிலாளியின் கை. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, வெளியே மழை, பொழுதோ சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைவாக ஓடியிருக்கும்! அதனினும் விரைந்தது போர் என்கிறார் புலவர். உழைப்பவன் மனத்தைப் புலவர் எவ்வளவு நெருங்கிக் கண்டிருக்கிறார் என்று வியக்கிறோம். ஆனால் அவனைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'இழிசினன்'. கையைப் புகழ்ந்தார், கைக்கு உரியவனுக்கு இழிவையே பெயராக வைத்தார். அரசனுக்கு உவமையாகும் அளவு உயர்ந்த தொழிலாளி, அப்பெயரைக் கேட்டால் தலை நிமிர்வானா?

இவ்விரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முன்னதில் வருணனை குறைவு, மரியாதை நிறைவு. பின்னதில் வருணனையும் பரிவும் நிறைவு. ஆனால் ஒரு பெயர்ச்சொல் அத்தனையையும் கீழே இழுத்துவிடுகிறது. பரிவு வேறு, மதிப்பு வேறு. பரிவு உவமையில் இருக்கலாம். மதிப்பு பெயரில் இருக்க வேண்டும்.

வினைமுற்றும் இடைச்சொல்லும்

பெயர்ச்சொல் மட்டுமன்று, வினையும் தொனியை ஆளும். நந்தனாரை அறியாதவர் நம்மில் இல்லை. பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்கிறது. 'நாளைப் போவேன்' என்று அவர் நாள்தோறும் சொன்னதே பெயராயிற்று. 'போவேன்' என்பது தன்மை வினைமுற்று. பிறர் இசைவைக் கேட்கும் வாய்பாடு அதில் இல்லை. அவர் செல்ல முடியாமற்போன காரணம் ஊரார் வகுத்த தடை; ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல் உறுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது, சேக்கிழார் சொல்லாத ஒருவரைக் கதையில் சேர்த்தார். அவரே நந்தனின் ஆண்டையாகிய வேதியர். ஆண்டை வந்தவுடன் நந்தனின் சொற்கள் மாறின. 'போவேன்' என்ற இடத்தில் 'வருகலாமோ' என்னும் வினா வந்தது. அக்கீர்த்தனைகளின் இசையும் உருக்கமும் பெரியவை. பண்ணையடிமையின் துயரைப் பொதுமக்கள் முன் கொண்டுவந்த தொண்டும் சிறிதன்று. எனினும் 'ஏன்' விகுதி 'ஆமோ' ஆனபோது, தீர்மானித்தவர் விண்ணப்பிப்பவர் ஆனார். கதையின் நாயகர் ஒருவரே. ஒரு வினை விகுதி அவரைத் 'தா'விலிருந்து 'ஈ'க்கு இறக்கிவிட்டது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மகாகவி பாரதியார்பால் எமக்குள்ள மதிப்பை எம் மாணவர் அறிவர். புதுவையில் நம் குலத்து இளைஞர் கனகலிங்கத்திற்குப் பூணூல் அணிவித்தவர் அவர். பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், எளிய சொல்லே கவிதைக்கு வேண்டுவது என்னும் கொள்கையை நிறுவியவரும் அவரே. அத்தகைய பெருங்கவிஞர் 'வந்தே மாதரம்' என்னும் நாட்டுப்பாடல் ஒன்றில், நம்மவரும் இந்நாட்டில் உடன் வாழ்பவர் அல்லரோ என்று கேட்கிறார். கருத்து நம் பக்கம் நிற்கிறது. ஆனால் நம் பெயருக்கு முன்னே இழிவைக் குறிக்கும் ஓர் அடைமொழியும், பின்னே 'ஏனும்' என்னும் இடைச்சொல்லும் நிற்கின்றன. 'ஏனும்' என்பது ஒரு குறையை ஒப்புக்கொண்டு, அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதைக் காட்டும் சொல். 'ஏழையேனும் நல்லவன்' என்றால், ஏழ்மை ஒரு குறை என்று முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. கவிஞர் கதவைத் திறந்தார். ஆனால் அவர் எடுத்த இடைச்சொல் வாயிற்படியைச் சற்றே உயர்த்திக் கட்டிவிட்டது.

இதனை அவரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய நெஞ்சும் தன் காலத்துச் சொற்களைத் தெரியாமலே எடுத்துவிடுகிறது என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். பிறர் சொல்லில் குற்றம் காண்பது எளிது. எம் சொல்லில் நேர்ந்த குற்றத்தையும் இவ்வவையில் சொல்லியாக வேண்டும்.

யாம் செய்த பிழை

ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் ஒரு பள்ளியில் மாணவர் கையெழுத்து இதழ் ஒன்றை யாம் நடத்தி வந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், நம் தெருப்பிள்ளை, தன் தாயைப் பற்றி எட்டு அடியில் ஒரு பாட்டு எழுதித் தந்தான். தாய் நடவுக்குப் போகுமுன் குண்டானில் கஞ்சி ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவதையும், மாலையில் அவன் திறந்து பார்க்கும்போது அவள் பங்கும் அதிலேயே இருப்பதையும் எழுதியிருந்தான். அவள் சேலையின் கிழிசலைச் சொல்லியிருந்தான். சேற்றுப்புண் வந்த காலைச் சொல்லியிருந்தான்.

பாட்டு நன்றாக இருந்தது. ஆனால் யாம் பி.ஏ. படித்தவர் அல்லமோ! இலக்கியத்திற்கு இச்சொற்கள் ஆகா என்று எமக்குத் தோன்றிற்று. சிவப்பு மையை எடுத்தோம். 'கஞ்சி'யை அடித்து 'அமுது' என்று எழுதினோம். 'குண்டான்' 'கலயம்' ஆயிற்று; 'கிழிசல்' 'துகில்' ஆயிற்று. சேற்றுப்புண் வந்த கால் 'தாமரைப் பாதம்' ஆயிற்று. எதுகை மோனை எல்லாம் பொருந்தி வந்தன. மிக மகிழ்ந்தோம்.

ஆண்டு விழாவில் அவன் அதைப் படித்தான். அவன் தாய் பின்வரிசையில், சுவரோரம் நின்று கேட்டார். கைதட்டல் முடிந்து அவன் இறங்கி வந்ததும், அந்த அம்மையார் மகன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் படிச்ச. யாரப் பத்திடா அது?"

மாணவன் விடை சொல்லவில்லை. எம்மைப் பார்த்தான். யாம் அருகிலேயே நின்றிருந்தோம். எம்மிடமும் விடை இல்லை.

தம்மைப் பற்றித் தம் மகன் எழுதிய பாட்டில் அத்தாய் தம்மைக் காணவில்லை. அமுதும் துகிலும் அவர் வீட்டில் இருந்தவை அல்ல. யாம் எழுதிச் சேர்த்த சொற்கள் அவரைப் பாட்டிலிருந்து வெளியேற்றிவிட்டன. முன்பு ஊரார் செய்ததை யாம் சிவப்பு மையால் செய்துவிட்டோம். அவன் எழுதிய பழைய தாளைத் தேடி எடுத்து மறுநாள் அவனிடமே கொடுத்தோம். அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் அப்பள்ளியில் யாம் இருந்தவரையில் கையெழுத்து இதழுக்கு அவன் மீண்டும் ஒன்றும் எழுதித் தரவில்லை. எம் ஆசிரிய வாழ்வில் யாம் திருத்திய தாள்கள் பல்லாயிரம். எம்மைத் திருத்திய தாள் அது ஒன்றே.

இதனால் உயர்ந்த சொற்களே கூடாது என்று பொருள்கொள்ள வேண்டா. நம் தாய்மார் பாடும் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறீர்கள். கூலி வேலை செய்து மாண்ட கணவனை ராசா என்பார்கள். பொன்னையும் முத்தையும் பல்லக்கையும் அழைப்பார்கள். அங்கே அச்சொற்கள் பொய்யாகத் தோன்றுவதில்லை. ஊர் 'செத்தான்' என்று சொன்ன மனிதனுக்கு மங்கலத்தைத் தம் வாயாலேயே வழங்குகிறார்கள். அந்தப் பொன் அவர்கள் நெஞ்சில் விளைந்தது. எம் 'அமுது' புத்தகத்தில் இரவல் வாங்கியது. இரண்டும் பெரிய சொற்களே. ஒன்றில் தொனி உண்மை, மற்றதில் வேடம்.

வசையை எடுத்து ஆண்டவர்கள்

அப்படியானால் நம்மை இழிவுபடுத்த வழங்கிய சொற்களை என்ன செய்வது? இக்கேள்வி புதிதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் இதழ் தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக எறிந்ததைத் தலைப்பாக உயர்த்தினார். அவருடைய நெருங்கிய உறவினரும் பேரறிஞருமாகிய அயோத்திதாச பண்டிதர் அதற்கு உடன்படவில்லை. அப்பெயர் பகைவர் சூட்டியது. அதைச் சுமக்கலாகாது என்பது அவர் முடிபு. 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆயிற்று. 1922இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னை அரசு பழைய பெயர்களை விடுத்து 'ஆதிதிராவிடர்' என்னும் சொல்லை ஏற்றது. ஒருவர் வசைச்சொல்லை நிமிர்த்தினார், ஒருவர் விலக்கினார், ஒருவர் அரசேட்டில் மாற்றினார். வழி மூன்று, ஆனால் மூவரும் நம் பெயரை நாமே தெரிவோம் என்ற ஓருரிமையின்மேல் நின்றார்கள்.

மராத்தியில் நாம்தேவ் தசால் 1972இல் 'கோல்பிட்டா' என்னும் கவிதை நூலை வெளியிட்டார். பம்பாயின் இருண்ட தெருக்களில் வழங்கிய சொற்களைப் படித்தோர் கவிதைக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர். அவர் போன்ற மராத்தி அறிஞருக்கே அந்நூலின் சொற்கள் பல புதியனவாக இருந்தன. தன் மொழியிலேயே தான் அறியாத ஒரு பகுதி உண்டு என்பதைப் படித்த உலகம் அன்று கற்றுக்கொண்டது.

தமிழிலும் 1990களுக்குப் பின் இவ்வழி அகன்றது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' உரைநடைதான். எனினும் அத்தலைப்பு ஒரு கவிதைச் சொல்லே. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் அந்த முள்விளிம்பை, விறகு பொறுக்கியவர் கை அறியும். என்.டி. ராஜ்குமார் தம் முன்னோரின் மந்திரச் சொல் வழக்கைக் கவிதைக்குக் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியையாகிய கவிஞர் சுகிர்தராணியின் ஒரு கவிதை இங்கே நினைக்கத்தக்கது. மாட்டுத்தோல் உரிக்கும்போது காகம் விரட்டியதையும், ஊரில் காத்து நின்று சோறு வாங்கியதையும், பறையைக் கழுத்தில் மாட்டிய தந்தை எதிரே வந்தால் முகம் மறைத்ததையும் அது ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறது. இறுதியில், இன்று யாரேனும் கேட்டால் தம் குலப்பெயரைத் தயங்காமல் சொல்லிவிடுவதாக முடிகிறது. அப்பெயரை முதலடியிலேயே வைத்திருந்தால் அது முழக்கமாக மட்டும் நின்றிருக்கும். மறைத்த நாள்களையெல்லாம் சொன்னபிறகு வருவதால், அந்த ஒரு சொல் அத்தனை நாள்களின் கனத்தையும் தாங்கி வருகிறது. எந்தச் சொல் என்பதோடு, எந்த இடத்தில் அந்தச் சொல் என்பதும் தொனியை ஆக்குகிறது.

எழுதும் இளைஞர்க்குச் சில சொற்கள்

நம் இளைஞர் பலர் கவிதை எழுதுகின்றனர். படிக்கும்போது இரண்டு குறைகளைக் காண்கிறோம். ஒன்று, எம் பழைய குறையே. அம்மாவை 'அன்னையே' என்றும், வீட்டை 'மாளிகை' என்றும் எழுதுவது. மற்றொன்று அதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் அடியிலும் நெருப்பு, இரத்தம், வாள், எரிமலை என்று எழுதுவது. சினம் நியாயமானதே. ஆனால் எல்லா அடியும் கத்தினால் எந்த அடியும் காதில் விழாது.

ஓசையும் இத்தகையதே. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணங்களைக் கூறுகிறார். வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். சினத்திற்கு வல்லினம், பரிவிற்கு மெல்லினம் என்று பொதுவாக நினைப்பர். 'கஞ்சி' என்னும் சொல்லைப் பாருங்கள். வல்லெழுத்தில் தொடங்கி, இடையில் மெல்லெழுத்தால் தணிகிறது. 'அமுது' முழுவதும் வழுக்கிச் செல்கிறது, நாவில் நிற்பதில்லை. பசித்தவனுக்கு நாவில் நிற்கும் சொல்லே வேண்டும்.

ஆகவே எழுதிமுடித்தபின் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இச்சொல் எம் வீட்டில் வழங்குமா, அன்றி இரவல் வாங்கியதா? இப்பெயரால் அழைத்தால் பாட்டிலுள்ள மனிதர் திரும்பிப் பார்ப்பாரா? இந்த வினையை, இந்த விகுதியைச் சொல்லும்போது நாம் குனிந்து நிற்கிறோமா, நிமிர்ந்து நிற்கிறோமா? இவற்றிற்கு விடை கிடைத்தால் யாப்பிலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால், அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் தாயிடம் படித்துக் காட்டுங்கள். 'யாரைப் பற்றி?' என்று அவர் கேட்காதிருந்தால் பாட்டு தேறிவிட்டது.

முடிவுரை

தொடக்கத்தில் 'ஈ, தா, கொடு' என்றோம். நம் பாட்டன்மார் பண்ணையின் வாசலில் 'ஈ' என்று நிற்க வைக்கப்பட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. வேறு சொல் அவர்களுக்கு விட்டுவைக்கப்படவில்லை. இன்று சிலர் 'கொடு' என்று அதட்டுவதே விடுதலை என்று எண்ணுகின்றனர். யாம் அவ்வாறு எண்ணவில்லை. படியின் கீழே இருந்தவர் மேலே ஏறி மற்றவரைக் கீழே பார்ப்பதற்காக நாம் பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லை. ஒப்போன் சொல் 'தா'. உரிமையைக் கேட்கும்போதும், தோழமையைக் கேட்கும்போதும், அறிவைக் கேட்கும்போதும் நம் கவிதை 'தா' என்று பேசட்டும். அச்சொல்லில் இரத்தலும் இல்லை, அதட்டலும் இல்லை; எதிரே நிற்பவரின் கண்ணை நேராகப் பார்க்கும் தொனி இருக்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்து வந்திருக்கிறது. அவற்றோடு நிமிர்ந்து பேசும் சொல்லையும் கொடுத்திருக்கிறது. அச்சொல்லைப் பழுதின்றி அடுத்த தலைமுறைக்குத் தருவது உங்கள் கடன். எங்கோ ஓரிடத்தில் இன்று வளர்ந்த மனிதராய் வாழும் அந்த மாணவரிடம் இவ்வவையின் வாயிலாக மன்னிப்பு வேண்டி, எம் உரையை நிறைவு செய்கிறோம்.

வாழ்க கல்வி! வளர்க நம் கழகம்!